அறுபது நிமிடத்தில் அடங்காத இரண்டு வரி

போன ஆவணியில் என் தங்கை பேரனுக்குப் புதுச்சத்திரம் மண்டபத்தில் கல்யாணம். மதியப் பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே மேடையில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. இப்போதெல்லாம் பாட்டுக் கச்சேரிக்குப் பத்துப் பேர் வாத்தியத்தோடு வர வேண்டியதில்லை. ஒரு ஆள், ஒரு போன், இரண்டு ஸ்பீக்கர் போதும். குரலை எடுத்துவிட்டு வெறும் வாத்தியத்தை மட்டும் ஓடவிடுகிறார்கள். யாருக்கு ஆசையோ அவர் மேடையேறிப் பாடலாம். தொண்டை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் ஏறினார். பழைய பாட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாடினார். நன்றாகத்தான் பாடினார். இரண்டாவது சரணத்தின் முடிவில் அவர் பல்லவிக்குத் திரும்பிவிட்டார்; வாத்தியம் திரும்பவில்லை. அது வேறு பக்கம் போக, இவர் வேறு பக்கம் போக, மண்டபமே சிரித்தது. "நான் பாடுறேன் பாரு" என்று அவருடைய கூட்டாளி ஏறினார். அவரும் அதே இடத்தில் அதே மாதிரி முட்டிக்கொண்டார்.

மைக் வைத்திருந்த கோகுல் முப்பது வயதுக்காரர். சேலம், நாமக்கல் ஜில்லா முழுக்க, சில சமயம் மதுரைப்பக்கமும் கல்யாணங்களுக்குப் போகிறவர். நான் கை கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தார்.

"ஏனுங்க பெரியப்பா, நீங்க கேசட் கடையில இருந்தவருங்களாமா. இந்தப் பாட்டை நம்ம பக்கத்துப் பெருசுங்க எல்லாரும் ஒரே எடத்துல தப்பாப் பாடறாங்க. ராசிபுரத்துல பாடறவரும் அங்கதான் முட்டிக்கறார், தம்மம்பட்டியில பாடறவரும் அங்கதான் முட்டிக்கறார். மதுரைப்பக்கம் போனா யாரும் முட்டிக்கறதில்லைங்க. அது என்னங்க வியாதி?"

ரசத்தில் உப்பு கூட என்று ஏதோ சொல்லிவிட்டு நழுவிவிட்டேன். அந்த வியாதிக்குக் கிருமி நான்தான் என்று கல்யாண வீட்டில் எப்படிச் சொல்வது? அவருக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் எழுதுவதற்கு முன்னால் பள்ளிபாளையம் போக வேண்டியிருந்தது. இரண்டு முறை போய்வந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் புதுச்சத்திரத்துக்குப் பக்கம். அப்பா என்னைக் கடலைக்காட்டில் நிறுத்தப் பார்த்தார், நான் நிற்கவில்லை. நாமக்கல்லில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் கொஞ்ச காலம் இருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரஹீம் பாய் நடத்திய ரெக்கார்டிங் சென்டரில் ஒரு நாள் இசைத்தட்டு சுற்றும் டர்ன்டேபிள் நின்றுபோக, அதைச் சரிசெய்யப் போனவன் அங்கேயே தங்கிவிட்டேன். முதல் இரண்டு வருடம் ரெக்கார்டு துடைப்பதும் டேப் ரெக்கார்டரின் ஹெட் துடைப்பதும்தான் வேலை. அதற்கப்புறம்தான் பாய் என்னைப் பதிவு பண்ணும் பட்டனைத் தொடவிட்டார்.

ரெக்கார்டிங் சென்டர் என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். நீங்கள் ஒரு காலி கேசட்டும், துண்டுச் சீட்டில் பன்னிரண்டு பதிமூன்று பாட்டும் எழுதிக்கொண்டு வருவீர்கள். நாங்கள் இசைத்தட்டிலிருந்து அந்தப் பாட்டுகளை அதே வரிசையில் உங்கள் கேசட்டில் பதிந்து தருவோம். சட்டப்படி சரியா என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்க எளிதாக இருக்கும், செய்வது அப்படியில்லை. அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். தொடக்கத்தில் வெறும் பிளாஸ்டிக் நாடா கொஞ்சம் போய்விடும். இசைத்தட்டு உறையில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கைப் பாய் நம்பமாட்டார். ஒவ்வொரு பாட்டையும் தானே ஸ்டாப்வாட்ச் வைத்துக் கேட்டு, ஒரு நீள நோட்டில் விநாடியோடு எழுதி வைத்திருந்தார். சீட்டு வந்தால் முதலில் அந்த நோட்டைப் பார்த்துக் கூட்டிப்போட வேண்டும். பக்கத்துக்கு அடங்கவில்லையென்றால் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு ஒரு பாட்டை மாற்றச் சொல்ல வேண்டும். அவர் மாற்றமாட்டேன் என்றால் அந்தப் பாட்டை விட்டுவிட்டு, மீதி டேப்பைக் காலியாக ஓடவிட்டு, அட்டையில் "இடமில்லை" என்று எழுதித் தர வேண்டும். எது ஆனாலும் பாட்டைப் பாதியில் அறுக்கக் கூடாது. மற்றக் கடைகளில் பக்கம் முடியும்போது பாட்டு மூச்சு முட்டிச் செத்துப்போகும். எங்கள் கடைக் கேசட்டில் அப்படி ஒன்றைக் காட்ட முடியாது என்பதில் பாய்க்குப் பெருமை.

அட்டை எழுதுவதும் முறைப்படிதான். டேப்பில் என்ன இருக்கிறதோ அது அட்டையில் இருக்க வேண்டும்; அட்டையில் இல்லாதது டேப்பில் இருக்கக் கூடாது. பதிந்தவர் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீழ் மூலையில் போட வேண்டும். பாய் பதிந்தால் "ர". நான் பதிந்தால் "செ". செல்லமுத்து என்பது என் பெயர்.

பாய் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, கழுத்தில் ஹெட்போன் என்று உட்கார்ந்திருப்பார். பதிந்து முடித்த ஒவ்வொரு கேசட்டிலும் பக்கத்துக்கு முதல் ஒரு நிமிடமும் கடைசி ஒரு நிமிடமும் கண்ணை மூடிக் கேட்பார். தப்பு இருந்தால் திட்டமாட்டார். கேசட்டை எடுத்து நம் முன்னால் வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது அது சரியாகியிருக்க வேண்டும். இரண்டு அறை விட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. முப்பது வருடத்துக்கு மேல் அந்த மனிதரோடு இருந்தேன், குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

இன்றைக்கு நினைத்தால் அந்த முறை மேலேயே ஏக்கமாக இருக்கிறது. ரேடியோ காலத்தில் பாட்டு ரேடியோக்காரனுடையது, அவன் போட்டால்தான் உண்டு. இசைத்தட்டு காலத்தில் வசதியான வீட்டுக்கும் மைக் செட்காரனுக்கும் சொந்தம். கேசட் வந்ததும்தான் பாட்டு லாரிக்காரன் கைக்கு வந்தது. எதற்கப்புறம் எது என்று அவன் தீர்மானித்தான். பாடி கட்டி முடித்து நாமக்கல்லை விட்டு வெளியே போகிற ஒவ்வொரு லாரியிலும் சாமி படத்துக்குக் கீழே ஒரு டேப் செட்டும், அதற்குள் எங்கள் கேசட்டும் இருக்கும். ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டு, ஒரு பாட்டு முடிந்தால் அடுத்த பாட்டு தலைக்குள் தானாக ஆரம்பித்துவிடும். எனக்கு இன்னும் அப்படித்தான். டீக்கடையில் ஒரு பாட்டு முடிந்து விளம்பரம் வரும். என் தலைக்குள் எங்கள் 'லாரி ஸ்பெஷல்' கேசட்டின் இரண்டாவது பக்கம் நாலாவது பாட்டு ஆரம்பமாகியிருக்கும்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

நாமக்கல்லில் ஆயுத பூஜை என்றால் தெருவுக்குத் தெரு லாரி, லாரிக்கு லாரி வாழைக்கன்று. அன்றைக்கு எல்லாருக்கும் புதுக் கேசட் வேண்டும். அந்த வருடம் பாயின் தங்கை மகளுக்குச் சேலத்தில் நிக்காஹ். கடையை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். மதியம் பள்ளிபாளையம் மாதேஸ்வரன் வந்தான். என் வயது டிரைவர், பழக்கமானவன். புது வண்டி எடுத்திருந்தான். பூஜை முடித்து நாலு மணிக்கு லோடு ஏற்றக் கிளம்ப வேண்டும். அவன் கொடுத்த சீட்டு அருமையான சீட்டு. மேட்டில் ஏறும்போது கேட்க ஒன்று, டீ குடித்துவிட்டு ஏறியதும் ஒன்று என்று யோசித்துப் போட்டிருந்தான். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டாக, கல்யாணத்தில் முட்டிக்கொண்டார்களே, அந்தப் பாட்டை எழுதியிருந்தான். ஒரு வாரம்கூட ஓடாத படத்தின் பாட்டு. படத்தின் பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது.

கூட்டத்தில் கணக்கைச் சரியாகக் கூட்டாமல் ஆரம்பித்துவிட்டேன். ஐந்து பாட்டு ஏறிய பிறகுதான் தெரிந்தது, கடைசிப் பாட்டுக்கு நாற்பது விநாடி இடம் போதவில்லை. வேறு பாட்டு வைக்கிறேன் என்றேன். மாதேஸ்வரன் முடியாது என்றுவிட்டான். அந்தப் பாட்டுக்காகத்தான் கேசட்டே என்றான். முறைப்படி நான் "இடமில்லை" என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் இசைத்தட்டைக் கேட்டுப் பார்த்தபோது எனக்கு ஒரு குறுக்குவழி தெரிந்தது. இரண்டாவது சரணத்தின் முடிவில் இரண்டு வரி, இரண்டு தடவை பாடப்பட்டு, புல்லாங்குழலோடு பல்லவிக்குப் போகிறது. அது சரியாக நாற்பது விநாடி. அதற்கு முந்தின வரியும் தபேலாவின் அதே தட்டில்தான் முடிகிறது.

பாஸ் பட்டனை அழுத்தி டேப்பை நிறுத்தினேன். ஊசியைத் தூக்கி, ஒரு நூல் அளவு தள்ளி, பல்லவிக்கு முன்னால் வைத்தேன். தட்டு விழும் நேரத்தில் பட்டனை விட்டேன். ஐந்தாவது முயற்சியில் உட்கார்ந்தது. ஒட்டுப்போட்ட இடம் எனக்கே கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்கு வெட்கமாக இல்லை, கர்வமாக இருந்தது. என்ன கை நமக்கு என்று நினைத்துக்கொண்டேன். மாதேஸ்வரனுக்குப் போட்டுக்காட்டினேன். அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான்.

நல்ல சீட்டு என்பதால் அதைக் கடைக்கு மாஸ்டர் கேசட்டாக வைத்துக்கொண்டு, அவனுக்கு அதிலிருந்து ஒரு நகல் எடுத்துக் கொடுத்தேன். மாஸ்டருக்கு 'லாரி ஸ்பெஷல்' என்று அட்டை எழுதினேன். மூலையில் எழுத்துப் போடும் இடத்துக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. அடுத்த வாரம் சரியாகப் பதிந்துவிட்டு எழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று மூலையைக் காலியாக விட்டேன். பாய் வந்து கேட்டார்: முதல் நிமிடம், கடைசி நிமிடம். கடைசி நிமிடத்தில் பல்லவி கச்சிதமாக இருந்தது. வெட்டு அதற்கு முந்தின நிமிடத்தில். அவர் எந்த நிமிடம் கேட்பார் என்பது எனக்குத் தெரியும் அல்லவா?

அடுத்த வாரம் வரவில்லை. 'லாரி ஸ்பெஷல்' எங்கள் கடையில் அதிகம் போன கேசட் ஆயிற்று. திருச்செங்கோட்டுக் கடைக்காரர் எங்கள் கேசட்டிலிருந்து நகல் எடுத்தார், ஆத்தூர்க்காரர் அவரிடமிருந்து எடுத்தார். ரிக் வண்டியில் போர்வெல் போடப் போனவர்கள் வடக்கே எங்கெங்கோ கொண்டுபோனார்கள். இசைத்தட்டு வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? இந்தப் பக்கத்தில் அந்தப் பாட்டு என்றால் என் பாட்டுதான் பாட்டு. அந்த இரண்டு வரி இருந்ததே யாருக்கும் தெரியாது.

மாதேஸ்வரனுக்கு ஒரு தங்கை, தனலட்சுமி. பள்ளிபாளையத்தில் தறி ஓட்டினாள். தறிச் சத்தத்துக்கு மேலே பாடிப் பாடி வளர்ந்த குரல், மைக் தேவைப்படாது. கோயில் விழாக்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டெல்லாம் அண்ணன் லாரியில் ஓடித் தேய்ந்த கேசட்டில் கற்றதுதான். அந்தப் பாட்டைப் பாடினால் சனம் எழுந்து நிற்கும். மாதத்துக்கு ஒரு தடவை சீட்டு எழுதிக்கொண்டு கடைக்கு வருவாள். எனக்கு அந்தக் குரல் மேல் ஆசை. ஆள் மேல் இல்லை. இருந்தது என்றே நீங்கள் நினைத்துக்கொண்டாலும் இந்த வயதில் எனக்கொன்றும் நட்டமில்லை.

ஒரு நாள் அண்ணனோடு வந்து, தன் குரலை ஒரு கேசட்டில் பதிந்து தரும்படி கேட்டாள். பட்டணத்தில் ஒரு இசையமைப்பாளர் புதுக் குரல் தேடுகிறார், கேசட் அனுப்பச் சொல்லியிருக்கிறார் என்று அவள் குழுக்காரர் சொல்லியிருந்தார். பாய்க்கு அவளை விடச் சந்தோஷம். மின்விசிறியை நிறுத்தினார், கடைக் கதவைச் சாத்தினார், தெருவில் ஹாரன் அடங்கும் வரை காத்திருக்கச் சொன்னார். என்னைப் பட்டன் பக்கத்தில் உட்கார வைத்தார். எந்தப் பாட்டு என்று கேட்டதற்கு அவள் யோசிக்கவே இல்லை.

பாடினாள். வாத்தியம் எதுவும் இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் பாடினாள். இரண்டாவது சரணம் முடிந்தது. நான் ஒட்டிய இடத்தில், நான் ஒட்டிய மாதிரியே திரும்பினாள். தபேலாத் தட்டுக்கு அவள் விட்ட சிறு மூச்சுகூட என் பட்டன் விட்ட நேரம்தான்.

அப்போது சொல்லியிருக்கலாம். "இன்னும் ரெண்டு வரி இருக்குதும்மா, இரு, இசைத்தட்டு போடறேன்" என்று ஒரு வார்த்தை. ஐந்து நிமிட வேலை. பாய் பக்கத்தில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் என் காதை நம்பி, "சரியா வந்துச்சுங்களாண்ணா?" என்றாள். அந்த இரண்டு பேர் கண்ணிலும் இறங்கிப்போக எனக்கு மனம் வரவில்லை. சரியாக வந்தது என்று சொன்னேன்.

கேசட் போய்ச் சேர்ந்ததும், குரலுக்காகவே பட்டணத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். மாதேஸ்வரன் லோடை விட்டுவிட்டுத் தங்கையை அழைத்துக்கொண்டு போனான். நான்கு நாள் கழித்து அவள் மட்டும் கடைக்கு வந்தாள். அங்கே நடந்ததை நின்றுகொண்டே சொன்னாள். வாத்தியக்காரர்கள் அத்தனை பேரையும் உட்கார வைத்து, அனுப்பிய பாட்டையே பாடச் சொன்னார்களாம். அவர்களில் இரண்டு பேர் அந்தப் பாட்டுக்கே வாசித்தவர்களாம். இரண்டாவது சரணத்தில் இவள் பல்லவிக்குத் திரும்ப, அவர்கள் நேராகப் போக, பாட்டு உடைந்தது. மறுபடி பாடச் சொன்னார்கள், மறுபடியும் உடைந்தது. முழுப் பாட்டைக்கூடக் கேட்காமல் பாட வந்துவிட்டாயே என்று அந்த இசையமைப்பாளர் எழுந்து போய்விட்டாராம். குரலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

பாய் எழுந்து அந்த இசைத்தட்டை எடுத்துத் துடைத்து ஓடவிட்டார். மூன்று பேரும் நின்று கேட்டோம். இரண்டாவது சரணம் முடிகிற இடத்தில் அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வரிகள் வந்தன.

போன வண்டி திரும்பும்வரை போட்ட கோலம் அழியாது
பேரைச் சொல்லும் குரல் வரும்வரை பூத்த பூவும் உதிராது

லாரிக்காரர்களுக்காகவே எழுதின மாதிரி வரி. ஒரு லாரிக்காரனும் கேட்கவில்லை.

பாய் ஊசியைத் தூக்கினார். "தப்பு எங்க கடையோடதும்மா. நான் பார்த்திருக்கணும், பார்க்கலை" என்றார். அவள் அவரையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, வாரனுங்ணா என்று சொல்லிக்கொண்டு போனாள். அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் அவள் கடைக்கு வந்ததில்லை, மேடையிலும் பாடியதில்லை.

பாய் மாஸ்டர் கேசட்டை எடுத்தார். அட்டையைத் திருப்பி மூலையைப் பார்த்தார். கடையில் அப்போது பதிவு பண்ணத் தெரிந்தவர்கள் அவரும் நானும்தான்.

"மூலையில எழுத்து இல்லையே, செல்லமுத்து" என்றார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. "எழுத்து இல்லாததெல்லாம் என்னோடதுதான்" என்று சொல்லி, கேசட்டை என் முன்னால் வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போனார்.

திரும்பி வருவதற்குள் ஒரு பாட்டைக் கழித்துவிட்டு அந்தப் பாட்டை முழுசாகப் பதிந்து வைத்தேன். "செ" என்று எழுதினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதைப் பற்றிச் சாகும் வரை என்னிடம் பேசவுமில்லை. ஆனால் ஊர் முழுக்கப் போன கேசட்டைத் திரும்பக் கூப்பிட யாரால் முடியும்?

அதற்குப் பிறகு காலம் வேகமாக ஓடியது. சிடி வந்தது. அதற்குப் பின்னாலேயே ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு வந்தது, வரிசை என்ற ஒன்றே போயிற்று. மெமரி கார்டு வந்தபோது வாடிக்கையாளர்கள் சீட்டு எழுதுவதை நிறுத்தினார்கள். "ஃபுல்லா ஏத்திக் குடுங்க" என்றார்கள், எதை என்று சொல்லவில்லை. பாயின் மகன் கடையை ரீசார்ஜ் கடையாக மாற்றினான். நான் அங்கேயே இருந்து கார்டில் பாட்டு ஏற்றினேன். பாய் மௌத்தான பிறகும் கொஞ்ச நாள் இருந்தேன், பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது பேரன் பேத்திகள் பாட்டின் முன்இசையைத் தள்ளிவிட்டு நேராகப் பல்லவிக்குப் போகிறார்கள். இசையமைப்பவர்களும் தெரிந்துகொண்டார்கள், முன்இசையே போடுவதில்லை. நான் ஒரு நூல் தள்ளி வைத்ததற்கு இத்தனை வருடம் மனம் அரிக்கிறது. அவர்கள் விரலால் தள்ளுகிறார்கள், ஒரு அரிப்பும் இல்லை.

கல்யாணத்தில் கோகுல் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது. நாலாம் நாள் பள்ளிபாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.

தனலட்சுமிக்கு அறுபது ஆகியிருக்கும். மகனும் மருமகளும் வைத்திருக்கும் தறிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு. ஒரு காது சரியாகக் கேட்பதில்லை, தறி தின்றுவிட்டது என்றாள். காப்பி கொடுத்தாள். நான் குடிக்காமல் வைத்துக்கொண்டே சொன்னேன்: ஆயுத பூஜை, நாற்பது விநாடி, காலியாக விட்ட மூலை, அவள் பாடியபோது நான் வாயை மூடிக்கொண்டது, எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டாள்.

அழுவாள் அல்லது திட்டுவாள் என்று நினைத்தேன். என் கையில் ஆறிப்போயிருந்த காப்பியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அந்த பாய் மௌத்துக்கு அண்ணன் மட்டுந்தானுங் வந்தான்" என்றாள். "என்னையுங் கூப்பிட்டான். அந்த ஆளு மூஞ்சில முழிக்கமாட்டேன்னு சொல்லிப்போட்டேன். இத்தன வருசமா யாரு மேல கோவமா இருந்திருக்கறேன் பாருங்க."

உள்ளே போய் இரும்புப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தாள். கவர் வாயில் குத்தியிருந்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தது. அவள் கடையைவிட்டுப் போன அடுத்த வாரமே பாய் இதை அண்ணன் மூலம் கொடுத்தனுப்பினாராம். கோபத்தில் பிரிக்காமலே பெட்டியில் போட்டுவிட்டாளாம். தூக்கிப் போடவும் மனம் வரவில்லையாம். எனக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பின்னை நான்தான் நெம்பி எடுத்தேன். உள்ளே அறுபது நிமிடக் கேசட். அட்டையில் பாயின் முத்து முத்தான எழுத்து. ஒன்று என்று போட்டு அந்தப் பாட்டின் பெயர், பக்கத்தில் "முழுப் பாட்டு". அதற்குக் கீழே: "மீதி டேப் காலி. கேட்டுப் பழகிப் பாடி எடுத்து வரவும். மறுபடி அனுப்பலாம். அந்த ஐயாவிடம் போனில் பேசிவிட்டேன், கேட்கிறேன் என்றார்." மூலையில் "ர".

எழுத்து சின்னதாகத் தெரிகிறது, படியுங்கள் என்றாள். படித்தேன். இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னாள், என்னால் முடியவில்லை. அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் அவள் கோபம் என் மேல் இருந்திருக்கும். பாய் அனுப்பியதைப் பிரித்திருப்பாள். நான் வெட்டியது இரண்டு வரிதான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேசட்டைப் போட்டுக் கேட்க அந்த வீட்டில் ஒன்றுமில்லை. பள்ளிபாளையத்திலேயே இருந்திருக்காது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். என் வீட்டுப் பரணில் கடையில் இருந்த பழைய டேப் ரெக்கார்டர் கிடந்தது. சேலத்தில் தேடி பெல்ட் வாங்கிப் போட்டேன், ஹெட்டை ஸ்பிரிட் வைத்துத் துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பையில் வைத்து எடுத்துப்போனேன். பூஞ்சை ஒட்டியிருக்கும் என்று கேசட்டைப் பேனாவில் மாட்டி முழுக்க ஒரு தடவை சுற்றிவிட்டேன். தறிகளை நிறுத்தும்படி தனலட்சுமி மருமகளிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைதானே, ஓடவில்லையே என்று அந்தப் பெண் சிரித்தாள்.

பாட்டு வந்தது. பாய் பதிந்த பாட்டு, ஒரு கீறல் இல்லை. அந்த இரண்டு வரி வந்தபோது தனலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டு முடிந்து வெறும் டேப் ஓடும் இரைச்சல் வந்தது. நிறுத்த எனக்குக் கை வரவில்லை.

"இப்பப் பாடுனா எடம் பத்துங்களாண்ணா?" என்றாள்.

இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது என்றேன். மருமகள் மின்விசிறியை நிறுத்தினாள். நான் பட்டனை அழுத்தினேன்.

குரல் பழைய குரல் இல்லை. மேல் ஸ்தாயியில் காற்றுதான் வந்தது. ஆனால் வார்த்தைக்கு வார்த்தை அதே சுத்தம். மேடையை விட்டதிலிருந்து தறி ஓடும்போது மட்டும்தான் பாடியிருக்கிறாளாம், யார் காதிலும் விழாதபடி. முதல் சரணம் பாடினாள். இரண்டாவது சரணம் பாடினாள். அந்த இடம் வந்தது. இப்போதுதான் கேட்ட வரி, நாக்கு நுனியில் இருந்த வரி. நேராகப் பல்லவிக்குத் திரும்பிவிட்டாள்.

பாதியில் நிறுத்திக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். சிரிப்பா அழுகையா என்று சொல்லத் தெரியவில்லை, இரண்டும்தான்.

"விடமாட்டேங்குதுங்ணா" என்றாள்.

டேப்பைச் சுற்றிவிட்டு மறுபடி பதியட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், ஓடட்டும் என்று கை காட்டினாள். தண்ணீர் குடித்தாள். பிறகு முன்னும் பின்னும் எதுவும் இல்லாமல், அந்த இரண்டு வரியை மட்டும் பாடினாள். இசைத்தட்டில் இருப்பது போலவே இரண்டு தடவை. நாற்பது விநாடி. என் கையில் ஸ்டாப்வாட்ச் இல்லை, ஆனாலும் எனக்குத் தெரியும்.

டேப்பில் இருப்பது அட்டையில் இருக்க வேண்டும் என்பது கடை வழக்கம். பேனாவை எடுத்து, பாயின் எழுத்துக்குக் கீழே இரண்டு என்று போட்டு "தனலட்சுமி" என்று எழுதினேன். மூன்று என்று போட்டு "விட்டுப்போன இரண்டு வரி" என்று எழுதினேன். மூலையில் "ர" வுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு எழுத்துக்கு இடம் இருந்தது. "செ" என்று எழுதி அவளிடம் கொடுத்தேன்.